எதிர் ஏலம் கேட்டவர்

கூத்தாநல்லூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கதவில் பேங்க்காரர்கள் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் கடனைக் கட்டவில்லையாம். வீடு ஏலத்துக்கு வருகிறதாம், அதுவும் கம்ப்யூட்டரில். அவர் வாங்கித் தின்ற கடனுக்கு நான் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டுமாம். நல்ல நியாயம்! குவைத்தில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு அழுது தீர்த்தேன். அழாதே, அல்லாஹ் பார்த்துக்குவான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

என் கணவர் சவூதியில் பாதி ஆயுளைத் தொலைத்தவர். இனிப் போவதில்லை என்று வந்து, அந்த வீட்டின் முன்னறையில் ஃபேன்சி கடை வைத்திருந்தார். சர்க்கரை வியாதி வேறு. நாமே ஏலத்தில் எடுத்துவிடலாம் என்றார். ஒரு தொகை வரைக்கும் கையில் உள்ளதை வைத்துச் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். இதையும் அவரேதான் சொன்னார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. வீடோ நிலமோ, பத்திரம் கைக்கு வரும்வரை எங்கள் ஆட்கள் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும். காதும் காதும் வைத்தாற்போல முன்பணத்தைக் கட்டினோம்.

தானாக ஏலம் கேட்கும் வசதி ஒன்று அந்தக் கம்ப்யூட்டர் ஏலத்தில் இருந்தது. விதிகளைப் படித்து அவருக்கு விளக்கியது நான்தான். நம்மால் முடிந்த உச்ச விலையை எழுதி வைத்தால் போதும். மெஷின் அதை ஒரேயடியாகக் கொட்டிவிடாது. எதிராளி கேட்டதற்கு மேல் ஒரு படி மட்டும் ஏற்றும். நம் வரம்பு யார் கண்ணுக்கும் தெரியாது. போட்டிக்கு ஆளே இல்லையென்றால் ஆரம்ப விலையை ஒட்டியே வீடு கிடைத்துவிடும். கூடுதலாகக் கொடுத்து ஏமாறாமலிருக்க ஒரே வழி, நிதானமாக இருக்கும்போதே வரம்பை எழுதிவிட்டு அப்புறம் அதைத் தொடாமலிருப்பது. தொடமாட்டேன் என்று தலையாட்டினார்.

ஏலத்தன்று காலை திரையில் எங்களைத் தவிர ஒரே ஒருவர்தான். பெயர் கிடையாது, வெறும் ஓர் எண். ஏலம் தொடங்கிய மறுகணமே விலை எங்கள் வரம்பில் வந்து முட்டி நின்றது. எதிராளி ஒரு படி மேலே இருந்தார். அந்தப் பக்கத்திலும் மெஷின்தான் கேட்கிறது என்று புரிந்தது. என் கணவர் வரம்பை உயர்த்தினார். கையை எடுப்பதற்குள் அது மறுபடி மேலே போயிருந்தது. முடிகிற நேரத்தில் யாராவது ஏற்றினால் கடிகாரமும் நீண்டுகொண்டே போகிறது. இதற்கு முடிவே கிடையாதோ என்று பயமாக இருந்தது.

"போவட்டும், விடுங்க. வேற வீடு பாத்துக்கலாம்" என்றேன்.

"எவனோ ஒருத்தன் நம்மள வெளிய தள்ளுறான். விடச் சொல்றியா?" என்றார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டவர் மாதிரி இருந்தார். இன்னொரு முறை உயர்த்தினார், ரொம்பவே உயர்த்தினார். இந்த முறை எதிர்ப்பக்கம் அசையவில்லை. கடிகாரம் ஓடி முடிந்தது. வீடு எங்களுக்கு. இனிப் பின்வாங்கினால் முன்பணம் போய்விடும்.

டீ போடலாம் என்று எழுந்தபோது தம்பியிடமிருந்து போன். குரல் உடைந்திருந்தது.

"லாத்தா, ஒனக்குச் சொல்லாம அந்த வீட்ட ஒன் பேருக்கு எடுத்துடலாம்னு பாத்தேன். இன்னும் அஞ்சு வருஷம் ஊருக்கு வரமாட்டேன்னு மொதலாளிகிட்ட எழுதிக் குடுத்துக் காசு கேட்டிருந்தேன். எவனோ ஒரு பாவி விடவே மாட்டேன்னுட்டான்."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பாவி இங்கதான் உக்காந்திருக்காரு" என்றேன்.

வேறு ஒருவரும் கேட்கவே இல்லை. இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் வீடு ஆரம்ப விலைக்கே வந்திருக்கும். கண் படுமாம், கண்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி உடைத்திருப்பேன்.

இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவைக்கிறேன் மச்சான் என்று தம்பி அழுதது எனக்கும் கேட்டது.

"அந்தக் காச வாங்காத. நீ ஊருக்கு வா" என்றார். பிறகு கேட்டார்: "அங்க எனக்கு ஏதாச்சும் வேல இருக்குமா?"