சிவப்பு ஐசிக்காரர்

காஜா பெராங்கில் எங்கள் தெருச் சாக்கடைகளுக்குக் கொசு எண்ணெய் அடிக்க வருபவர் அவர். ஒல்லியான உடம்பு, காக்கி அரைக்கால்சட்டை. இருமல் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இருமி முடித்ததும், பக்கத்தில் யார் நின்றாலும் மலாயில் "மாப்" என்று மன்னிப்புக் கேட்பார்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் வெட்டுக்காயத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் அவர் நின்றார். கைக்குட்டையில் இரத்தம்.

பதிவு மேசையில் பெயர் எழுதும் கிராணியும் தமிழர்தான். அவர் நீட்டிய ஐசி என்ற அடையாள அட்டை சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அதைப் பார்த்ததுமே, "வார்டுல இடம் இல்ல. வெளிய கிளினிக்குல போய்ப் பாருங்க" என்றார். என் நீல ஐசியை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்.

கட்டுப் போட்டு வெளியே வந்தபோது எண்ணெய்க்காரர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் கிளினிக்குக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணே?"

"நெஞ்சு வியாதியாம் தம்பி. கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலதான் படுக்கணுமாம்."

"வாங்க, நான் கேட்டுப் பாக்கறேன்."

"வேணாம். இந்த ஊரு கொசுவுக்குக்கூட என்னைத் தெரியும். இவங்களுக்குத்தான் தெரியல."

சில வாரங்களில் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். எண்ணெய் அடிக்க வந்த புது ஆளிடம், அங்கே அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன்.

"அங்க யாரு இருக்கா? கைப்பிள்ளையா இங்க வந்தவரு."

நாகப்பட்டினத்தில் இறங்கியவர் எந்தப் பக்கம் நடந்திருப்பார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.