ஸ்டெல்லா வரிசையிலிருந்து காரை வெளியே எடுத்த நாள்

செய்தி ஒரு ஐஸ் லொறியில் வந்தது. சிலாபத்திலிருந்து புத்தளத்துக்கு வந்து, பிறகு கற்பிட்டிக்குப் போகிற லொறி அது. புத்தளத்தில் என் கராஜைக் கடக்கும்போது சாரதி ஹோர்ன் அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று நிறுத்தினார். இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நானா, ஸ்டெல்லா அக்கா விடியக்காலம போயிட்டா" என்றார். மரணச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னேன். பிறகு கையில் எண்ணெயோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஸ்டெல்லாவோடு போட்டிகளில் ஓடியவர்கள். சிலர் இறால் பண்ணையில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள். செத்த வீட்டில் எல்லோரும் அவர் வென்ற ஓட்டத்தைப் பற்றியே கதைத்தார்கள். அது கதைக்க வேண்டியதுதான். நான் அவர் ஓடாமல் விட்ட ஓட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று அந்த இடத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

அவரை எனக்குத் தெரியவந்ததே அந்தக் காரால்தான். சிலாபத்துப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில், தேங்காய் மட்டைக் குவியலுக்கு நடுவே, பல காலமாகக் கிடந்த இரண்டு கதவு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. தோட்ட முதலாளியின் மகனுடையது. வெளிநாடு போனவன் திரும்பி வராததால் ஸ்டெல்லா அதை வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லா அப்போது பண்ணையில் மேற்பார்வையாளர். சாரதி வராத நாட்களில் ஐஸ் லொறியைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வருவார். அந்த லொறிக்குப் பின்னால் கயிறு கட்டித்தான் காரை என் கராஜுக்கு இழுத்து வந்தார். முன் கண்ணாடிக்குக் கீழே எலி கட்டிய கூடு. ஒரு ரயரிலும் காற்று இல்லை.

"இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடும் நானா. எப்ப எண்டுதான் தெரியாது" என்றார்.

அவர் கத்தோலிக்கப் பெண், நான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருப்பவன். முதல் நாளிலிருந்தே எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல என்னை நானா என்றுதான் கூப்பிட்டார். வேலை முடிந்து பின்னேரங்களில் வருவார். வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. காருக்குக் கீழே என்னோடு படுத்துக் கிடந்து செய்தார். ஏதாவது பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "மனசுல வச்சுக்கொண்டு சிரிக்க எனக்கு ஏலாது நானா, வயித்துல எரியும்" என்பார். எனக்கும் அவருக்கும் சண்டை வராத கிழமை இல்லை. அடுத்த கிழமை அவர் வராமல் இருந்ததும் இல்லை.

கார் ஓடத் தொடங்கிய பிறகு அவர் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தார். எங்கள் கரையோரத்தில் மோட்டார் கழகம் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை பாதையை அடைத்து நடத்தும் ஓட்டம் அது. ஒவ்வொரு காராக விடுவார்கள். குறைந்த நேரத்தில் வந்தவருக்கு வெற்றி. ஸ்டெல்லா ஒவ்வொரு முறையும் நடுவில் எங்கோ வருவார். வளைவுகளில் அவரைப் பிடிக்க ஆளில்லை. நேர்ப் பாதையில் எஞ்சின் மூச்சுத் திணறும்.

இத்தாலியில் வேலை செய்யும் அவருடைய அண்ணன் நெல்சன் இதைக் கேள்விப்பட்டு ஒரு ஹெடர் வாங்கி அனுப்பினார். எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் இடத்தில் வார்ப்பிரும்பில் ஒரு கட்டையான கூடு இருக்கும். எல்லாச் சிலிண்டரின் புகையும் அதற்குள் இடிபட்டுத்தான் வெளியேறும். அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீளக் குழாய் வைத்து, கீழே கொண்டுபோய் ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெடர். பெட்டியைத் திறந்து ஒரு குழாயைத் தடவிப் பார்த்தேன். துருப்பிடிக்காத இரும்பு, வாழைத்தண்டு போல வழுவழுப்பு.

பழைய கூட்டைக் கழற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது. உப்புக் காற்றில் கிடந்த கார். போல்ட் எல்லாம் துருப்பிடித்து எஞ்சினோடு ஒட்டிப் போயிருந்தன. ஸ்டெல்லா பின்னேரம் பின்னேரம் வந்து எண்ணெய் விட்டுவிட்டுப் போவார். நான் அவசரப்பட்டால் கையைப் பிடிப்பார். அப்படியும் ஒன்று முறிந்தது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங்கால் ஒட்டி, சூடு ஆறுமுன் மெல்ல மெல்லத் திருகி எடுத்தோம். அது வெளியே வந்தபோது ஸ்டெல்லா அதைப் பிடுங்கிய பல்லைப் போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

பிறகுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. ஹெடரை ஏற்றிப் பிடித்தால் ஒரு குழாய் நேராகப் போய் ஸ்டியரிங் தண்டில் முட்டியது. இத்தாலியில் ஸ்டியரிங் இடப்பக்கம். நமக்கு வலப்பக்கம். அந்தப் பக்கத்தில் தண்டு வரும் என்று செய்தவன் நினைத்திருக்கவே மாட்டான்.

"முட்டுற இடத்துல சுத்தியலால ஒரு தட்டுத் தட்டி நசுக்கிடுவோம். எல்லாரும் அப்படித்தான் செய்ற" என்றேன்.

"மூச்சு விடத்தானே இதைப் பூட்டுறோம்? கழுத்தை நெரிச்சுப்போட்டு ஓடு எண்டா எப்படி ஓடும்?"

"அப்ப வெட்டி வேற பக்கம் திருப்பித்தான் ஒட்டோணும்."

ஸ்டெல்லா அந்த இடத்திலேயே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தார். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, நீங்க அனுப்பினது இடப்பக்க ஸ்டியரிங்குக்கு. இதுக்குப் பொருந்தாது. வெட்டப் போறம்." மறுபக்கத்தில் நெல்சன் கெஞ்சுவது எனக்கும் கேட்டது. "வெட்டாத ஸ்டெல்லா. அவ்வளவு வடிவான சாமானை வெட்டாத. வேற வழி பாருங்க." அந்தக் குரலுக்கு ஸ்டெல்லா இறங்கிவிட்டார்.

வேறு வழி பார்த்தோம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களுக்குக் கீழே தகடு வைத்து, எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி மறுபக்கம் தள்ளினோம். குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி கிடைத்தது. ஸ்டெல்லா ஸ்டார்ட் பண்ணினார். அந்தச் சத்தம்! பக்கத்துப் பள்ளிவாசலின் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் ஓடி வந்தார். தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. ஸ்டெல்லா உடனே எஞ்சினை நிறுத்தி, "மன்னிச்சுக்கொள்ளுங்க மரைக்கார், கடற்களப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போறம்" என்று சொல்லிக் காரைத் தள்ளத் தொடங்கினார். மரைக்கார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒரு பக்கம் தள்ளினார். "தொழுதுட்டு வாறன், அதுக்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. நானும் கேக்கோணும்" என்றார்.

அந்த வருடப் போட்டிக்கு நெல்சன் லீவு எடுத்து வந்திருந்தார். தன் ஹெடரோடு தங்கச்சி ஓடுவதைப் பார்க்கவென்றே வந்தார். காலையில் பரீட்சார்த்த ஓட்டத்தில் ஸ்டெல்லாவின் கார் நேர்ப் பாதையில் பறந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெல்சன் தன் தொலைபேசியில் படம் எடுத்து எடுத்துக் களைத்தார்.

மத்தியானம் உண்மையான ஓட்டம். கார்கள் வரிசையில் நின்றன. ஸ்டெல்லாவுக்கு முன்னால் ஒரேயொரு கார். அது கிளம்பியது. ஸ்டெல்லா ஆரம்பக் கோட்டுக்கு வந்தார். கொடிக்காரர் கையைத் தூக்கப் போகிற நேரம், ஸ்டெல்லா ஸ்டியரிங்கை வலப்பக்கம் மெல்லத் திருப்பினார், நேராக்கினார், மறுபடி திருப்பினார். பிறகு ஜன்னலால் கையை வெளியே நீட்டி, கொடிக்காரருக்கு "இல்லை" என்று காட்டினார். காரை வரிசையிலிருந்து வெளியே எடுத்து ஓரமாக நிறுத்தினார்.

ஒலிபெருக்கியில் அவர் விலகியதைச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு கூச்சல். போட்டிக்கு வந்திருந்த ஒரு இளைஞன் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான்: "அக்கா, ஐஸ் லொறிக்கே போங்க!" சிரிப்புச் சத்தம் பரவியது. எனக்குக் காது சூடேறியது. நெல்சன் ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன ஸ்டெல்லா? என்ன நடந்த? நான் எங்கருந்து வந்தேன் தெரியுமா?"

"நீங்க வந்திருக்கிறதாலதான் அண்ணா" என்றார் ஸ்டெல்லா. இறங்கவில்லை, கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. "ஸ்டியரிங் எங்கயோ முட்டிப் பிடிக்குது. முதல் வளைவு வலப்பக்கம். நீங்க பாத்துக்கொண்டு நிக்க நான் போய் மதில்ல அடிக்கவா?"

போனட்டைத் திறந்து பார்த்தோம். பழைய ரப்பர். காலை ஓட்டத்தில் எஞ்சின் இழுத்த இழுப்பிலும் சூட்டிலும் தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஒரு பக்கம் சரிந்து, குழாய் போய்த் தண்டில் உரசிக்கொண்டிருந்தது. தண்டில் பளபளவென்று புதுக் கீறல். அந்தக் கீறலை நெல்சன் விரலால் தடவிப் பார்த்தார், சூட்டில் கையை உதறினார். பிறகு தங்கச்சியின் தலையில் கை வைத்தார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, கோட்டில் வந்து நின்ற காரை வெளியே எடுக்க என்னால் முடிந்திருக்குமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நான் ஓடியிருப்பேன். ஓடினால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பேன். அன்று திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது: "ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லோணும் நானா. மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்."

மறுநாளே பார்த்தோம். நெல்சன் கராஜுக்கு வந்தார். அந்த ஹெடரை மேசையில் வைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் தானே சோக் கட்டியால் கோடு போட்டார். "வெட்டுங்க நானா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறால் பதனிடும் இடத்தில் கழற்றிப் போட்ட குழாய் வளைவுகளை ஸ்டெல்லா பண்ணை முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்திருந்தார். அதுவும் துருப்பிடிக்காத இரும்பு. மாறி மாறிப் பிடித்துப் பார்த்து, குழாயைத் தண்டுக்குக் கீழால் சுற்றிக் கொண்டுபோனோம். ஒட்டு வேலை என்னுடையது. ஒரு ஒட்டு அவருக்குப் பிடிக்காமல் என்னைத் திரும்பச் செய்ய வைத்தார். எஞ்சினுக்குப் புது ரப்பர் போட்டோம்.

பிறகு அவர் ஸ்டியரிங் தண்டு முழுக்க வெள்ளைப் பெயின்ட் பூசினார். எங்காவது உரசினால் அது காட்டிக் கொடுக்கும். பாலாவியைத் தாண்டி, கற்பிட்டி வீதியில் குறிஞ்சிப்பிட்டி வரை போய், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, வெறும் வெளியொன்றில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பித் திருப்பி ஓட்டினோம். வெங்காயத் தோட்டத்தில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வரம்பில் வந்து நின்றார்கள். ஸ்டெல்லா போனட்டைத் திறந்தார். பெயின்ட் அப்படியே இருந்தது. ஸ்டெல்லா என் முதுகில் அறைந்த அறை எனக்கு இன்னும் ஞாபகம்.

அடுத்த வருடம் நெல்சனால் வர முடியவில்லை. ஸ்டெல்லா கோட்டுக்கு வந்து நின்றபோது நான் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், மறுமுனையில் அவர். கொடி விழுந்தது. அந்த எஞ்சின் தடையில்லாமல் ஒரே மூச்சாகப் பாடிக்கொண்டு போனது. நேர்ப் பாதையின் கடைசி வரை சத்தம் குறையவே இல்லை. தொலைபேசிக்குள்ளிருந்து நெல்சன், "நானா, கேக்குது! எனக்குக் கேக்குது!" என்று கத்தினார். தன் கார் வகுப்பில் ஸ்டெல்லாதான் முதலாவது.

முந்தின வருடம் கத்திய இளைஞன் கைகொடுக்க வந்தான். கொஞ்சம் வெட்கத்தோடுதான் வந்தான். ஸ்டெல்லா அவன் கையைக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "ஐஸ் லொறிலதான் தம்பி பழகின. மெதுவாப் போனா ஐஸ் கரைஞ்சிரும்." அவன்தான் முதலில் சிரித்தான். செத்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன்.

தீராத நோய் என்று தெரிந்த பிறகும் அவர் மாறவில்லை. பார்க்கப் போனவர்கள், "ஒண்டுமில்லை, சுகமாயிரும்" என்று சொன்னால், "டொக்டர் அப்படிச் சொல்லேல்லையே" என்று நிறுத்திவிடுவார். கடைசியாக ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னார். ஓட்ட அவருக்குத் தெம்பில்லை. பக்கத்து ஆசனத்தில், மடியில் ஒரு தலையணையோடு உட்கார்ந்தார். ஆலங்குடா வரை போனோம். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டித் தண்ணீரில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூண்டாவது கியர்ல போடுங்க நானா. அது கெஞ்சுது."

"உங்களுக்கு ஆட்டம் கூடிரும் ஸ்டெல்லா."

"எனக்கு என்ன ஆட்டம்? போடுங்க."

போட்டேன். வேகம் ஏற ஏற அவர் முகத்தில் ஒரு பெருமை. பிள்ளை மேடையில் பேசுவதைக் கேட்கும் தாய்க்கு வருமே, அப்படியொன்று. "நல்லாச் செஞ்சிருக்கிறம், என்ன?" என்றார். "ஓம். நல்லாத்தான் செஞ்சிருக்கிறம்" என்றேன்.

இன்று நெல்சன் அந்தக் காரைத் தன் மகளுக்கென்று வைத்திருக்கிறார். அது அவர்கள் வீட்டுச் சொத்து, அங்கேதான் இருக்க வேண்டும். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை, வாகனம் பழுதுபார்க்கிற ஆட்களிடம் என்னைப் பற்றிக் கேட்டால் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "ஸ்டெல்லாட காருக்கு ஹெடர் பூட்டின நானா" என்பார்கள். நாற்பது வருடமாகக் கராஜ் நடத்துகிறேன், எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைத்தான் சொல்கிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பெயர். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.