ஹஸனிய்யா கூப்பிட்டால் வரும் கோழிகள்

நாற்பது தாண்டிய வயதில் ஹஸனிய்யா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு எகிப்தின் ஃபய்யூம் நகரத்திலிருந்து காரூன் ஏரிப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தாள். புருஷன் அப்துத் தவ்வாபுக்கு வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் வேலை. அவனுடைய முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் நஜ்வாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மிச்சம் இருந்தவை, இறந்துபோனவள் வளர்த்த கோழிகள்தான்.

வெள்ளிக் கழுத்தும் கறுப்பு வரி உடம்புமான அந்த ஊர்க் கோழிகளைக் கோழி என்றே சொல்ல முடியாது. ஆளைக் கண்டால் விர்ரென்று பறந்து ஒலிவ மரத்தில் ஏறிக்கொள்ளும். கேட்க ஆளில்லாத இரண்டு வருஷத்தில் கூண்டையே மறந்துவிட்டிருந்தன. முட்டையை எங்கே இடுகின்றன என்பது அவற்றுக்கும் கீரிப்பிள்ளைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஹஸனிய்யா வந்த வாரமே பக்கத்து வீட்டு உம் ரிஃபாத் சண்டைக்கு வந்தாள். முற்றத்தில் பாய் விரித்துச் சீமைச்சாமந்திப் பூவைக் காயவைப்பது அவள் பிழைப்பு. கோழிகள் புகுந்து பாயைக் கிளறிப் பூவையெல்லாம் மண்ணில் இறைத்துவிட்டன.

"ஏம்மா புதுப்பொண்ணு! உன் சக்களத்தி விட்டுட்டுப் போன சொத்தைக் கொஞ்சம் கட்டி வை. இன்னொரு தடவை என் பூவுல கால் வெச்சா, அதோட காலை நான் சூப்பு வெச்சுடுவேன்."

அப்துத் தவ்வாப் அன்று ராத்திரி சாப்பாட்டில் சுலபமான வழி சொன்னான். "வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணா அறுத்துத் தீர்த்துடலாம், விடு."

"அப்போ முட்டை?"

"இந்த வீட்ல யாரு முட்டையைக் கண்ணால பார்த்தா?"

இறந்தவளுடைய கோழிகளை அறுத்துத் தின்று குடித்தனத்தைத் தொடங்க ஹஸனிய்யாவுக்கு மனமில்லை. "கொஞ்ச நாள் பொறுங்க, அபூ நஜ்வா. கூப்பிட்டா வர்ற மாதிரி பழக்குறேன்" என்றாள், ஊர் வழக்கப்படி நஜ்வாவின் அப்பா என்று அவனை அழைத்து.

"இதுங்களையா? வாய்க்கால் தண்ணியை மேல் பக்கம் ஓடச் சொல்லேன், அது கேட்டாலும் கேட்கும்."

முதல் காரியமாக, மிச்ச ரொட்டியைக் கண்ட நேரத்தில் கண்ட இடத்தில் வீசும் அவன் பழக்கத்தை நிறுத்தினாள். பழைய நெய் டப்பாவில் ஒரு பிடி கோதுமையைப் போட்டுக்கொண்டாள். தினமும் பொழுது சாய்ந்ததும் ஒலிக்கும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன் கூண்டு வாசலில் உட்கார்ந்து, டப்பாவைக் குலுக்கி, "தித்-தித்-தித், தித்-தித்-தித்" என்று கூப்பிட்டுவிட்டுக் கோதுமையை இறைப்பாள். கூப்பிடாமல் தீனி கிடையாது. கூப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போவதும் கிடையாது.

முதலில் டப்பாச் சத்தம் கேட்டு எல்லாம் மரத்தின் உச்சிக்கே போய்விட்டன. அவள் துரத்தவில்லை, அண்ணாந்து பார்க்கவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பயறு புடைத்தாள். கடைசியில் கொண்டை கிழிந்த ஒரு பெட்டை இறங்கி வந்து, கழுத்தைச் சாய்த்து அவளை நோட்டம் விட்டுவிட்டுக் கொத்தியது. அது தின்பதைப் பார்த்த மற்றவற்றுக்குப் பொறுக்கவில்லை. பனிக்காலம் முடிவதற்குள், வாய்க்கால் கரையில் மேயும் கூட்டம் அவள் குரல் கேட்டதும் தலைக்கு மேல் பறந்து வந்து முற்றத்தில் இறங்கியது. கூண்டில் அடைத்த பிறகு முட்டையும் கூண்டிலேயே கிடைத்தது.

காப்பிக்கடையில் அப்துத் தவ்வாபைச் சீண்டினார்கள். "உன் பொண்டாட்டி கூப்பிட்டா கோழி பறந்து வருது. நீ கூப்பிட்டா அவளாவது வர்றாளா?" அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவள் மாவரைக்கப் போயிருந்த நேரம், அலெக்ஸாண்டிரியாவிலிருந்து அவனுடைய அண்ணன் சொல்லாமல் வந்து நின்றார். விருந்தாளிக்குக் கறி வேண்டும். அப்துத் தவ்வாப் நெய் டப்பாவை எடுத்தான். குரலை மெலிதாக்கி, "தித்-தித்-தித்" என்றான். கோழிகள் வந்தன. குனிந்து ஒன்றைப் பிடித்து, அங்கேயே மற்றவை பார்க்க அறுத்தான்.

ஹஸனிய்யா திரும்பி வந்தபோது முற்றத்தில் இறகு கிடந்தது.

"எதைப் பிடிச்சீங்க?"

"முதல்ல வந்ததை."

அவள் இறகைக் கூட்டி அள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள். முலூகிய்யா கீரை வைத்து, சோறு பொங்கி, கறியைப் பக்குவமாகச் சமைத்துப் புருஷனின் அண்ணனுக்குப் பரிமாறினாள். தான் மட்டும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தின்றாள். விருந்தாளி கிளம்பிப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என் குரல்ல பொய் சொல்லிட்டீங்க, அபூ நஜ்வா."

"கோழிதானே, ஹஸனிய்யா..."

"கோழிதான். அறுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. சட்டிக்கு வேணும்னா, இருட்டினதும் கூண்டுல கையை விட்டு சத்தமில்லாம எடுத்துட்டுப் போங்க. கூப்பிட்டு அறுத்தா, இனி யார் கூப்பிட்டா அதுங்க நம்பும்?"

அன்று சாயங்காலம் அவள் தொண்டை வற்றக் கூப்பிட்டாள். ஒலிவ மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

மறுநாள் அப்துத் தவ்வாப் மதகிலிருந்து சீக்கிரமே வந்து, தானே டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். "கெடுத்தவன் நான்தானே, நானே சரி பண்றேன்" என்றான். வாய்க்காலின் அக்கரைக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல் அவனுடையது. அவன் "தித்" என்றதும் ஊர்ப் புறாக்கள் எல்லாம் எழும்பின. சுவருக்கு அந்தப் பக்கம் உம் ரிஃபாத் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, கழுதைக்குத் தொண்டை கட்டினாக்கூட இதைவிட நல்லா இருக்குமே!"

அவன் விடவில்லை. ஹஸனிய்யா பக்கத்தில் உட்கார்ந்து அவன் சத்தத்தைக் குறைத்துக் குறைத்துப் பழக்கினாள். சில வாரம் அப்படியே போயிற்று. கோழிகள் மறுபடி இறங்கின, முதலில் தள்ளி நின்று, பிறகு அவன் செருப்பின் மேலேயே ஏறி. ஒன்று அவன் உள்ளங்கையில் கொத்தித் தின்ற அன்று, அசைந்தால் ஓடிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹஸனிய்யாவைப் பார்த்தான். அவள் குனிந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சிரித்தாள்.

இதற்குள் புது வம்பு முளைத்தது. உம் ரிஃபாதின் கோழிகளும் சுவரேறிக் குதித்து வர ஆரம்பித்தன.

"என் கோழிக்கு என்ன மந்திரம் வெச்சே?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள் அவள்.

"மந்திரம் இல்லக்கா, கோதுமை."

"அப்போ நான் சும்மாவா வளர்த்தேன்?"

"பூ காயுற வரைக்கும் எல்லாம் இங்கேயே கிடக்கட்டும்க்கா. நீங்க பாயை விரிக்கும்போது சொல்லுங்க, நான் இந்தப் பக்கமா கூப்பிட்டுக்கிறேன்."

உம் ரிஃபாத் யோசித்தாள். பூவைக் காவல் காக்க ஒரு ஆள் மிச்சம். சரியென்று போனாள். அந்தப் பருவம் முழுக்க அவள் பாயில் ஒரு கோழிக் கால் தடம்கூட விழவில்லை. பூவெல்லாம் மூட்டை கட்டி அனுப்பியானதும் தன் கோழிகளைத் திரும்ப அழைக்க, அவளும் ஒரு டப்பாவோடு சுவரோரம் வந்து நின்று குலுக்கினாள். அவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஹஸனிய்யாவின் கூண்டுக்குள் வரிசையாக நுழைந்தன.

"நன்றி கெட்டதுங்க!" என்றாள் உம் ரிஃபாத். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, முட்டையையாவது அனுப்பும்மா."

எது யாருடைய முட்டை என்று ஹஸனிய்யாவுக்கும் தெரியாது. கூண்டில் இருந்ததில் பாதியை ஒரு கூடையில் அடுக்கி, அப்துத் தவ்வாப் கையில் கொடுத்துச் சுவர் வழியாக நீட்டச் சொன்னாள்.