மஸீஹா ஓட்டிய மூன்று வண்டிகள்

லேண்ட்ரோவர் ஜீப்பை முன்னால் நின்று சுழற்றி ஸ்டார்ட் பண்ணும் கம்பியைப் பிடிக்கும்போது பெருவிரலை வளைத்துப் பிடிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவர் ஜைனுதீன். ஒருநாள் அவசரத்தில் அவரே அப்படிப் பிடித்தார். எஞ்சின் ஓர் உதை உதைத்தது. வலது மணிக்கட்டு போய்விட்டது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஜைனுதீன் வைத்திருந்தது ஒரு தோட்டத்துத் துரை ஓட்டிக் கழித்த முதல் மாதிரி. முன்விளக்கு இரண்டும் கம்பி வலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கதவின் மேல்பாதி வெறும் கென்வஸ் துணி. எங்கள் மாத்தளையிலிருந்து போகும் பஸ் எல்கடுவையோடு திரும்பிவிடும். அதற்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப்போய், காய்ந்த ஏலக்காயை இறக்கிக்கொண்டு வந்தது இந்த வண்டிதான். காய் பறிக்கிற காலம் பார்த்துத்தான் கை உடைந்தது.

கைக்குக் கட்டுப்போட்ட வாரமே அண்ணன் ஸஹாப்தீன் வந்துவிட்டார். புடவைக் கடைக்காரர். வண்டியில் பாதி அவருடையது.

"தம்பி, வித்துருவோம். கலேவெலயில ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். நீ கடையில வந்து உக்காரு."

கடையில் உட்காருவது என்றால் அண்ணன் விரித்துக் காட்டுகிற சேலைகளை மடித்து வைப்பது. ஜைனுதீன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் இன்னும் இருபது வருஷம் ஓட்டவேண்டிய மனுஷன் அங்கே போய் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்று அவருடைய மனைவி மஸீஹாவுக்குத் தெரியும். குசினியில் அடுப்பைப் பார்த்தபடியே ஸஹாப்தீனுக்குக் குரல் கொடுத்தார்.

"விக்க வேணாம் மச்சான். நான் ஓட்டுறேன்."

ஸஹாப்தீன் சிரித்தார். "என்னது, தையல் மெசினா?"

"அதையும் மிதிக்கத்தான் வேணும், இதையும் மிதிக்கத்தான் வேணும்."

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கல்யாணமான புதிதில் சுதுகங்கை ஆற்றங்கரையில் ஜைனுதீன் மஸீஹாவுக்கு வண்டி பழக்கியிருந்தார். லைசன்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார். அது அலமாரியில் சேலைக்கடியில் கிடந்தது.

பேச்சு நீண்டு, கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். "ஓட்டுறதுன்னா திரை கட்டி ஓட்டணும். நம்ம வீட்டுப் பொம்புளைங்க திரையில்லாம எப்பவாச்சும் காரு ஏறியிருக்காங்களா?"

அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். கண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் காரின் ஜன்னல்களுக்குத் துணி கட்டித்தான் எங்கள் தெரு முஸ்லிம் பெண்கள் போவார்கள்.

"முன்கண்ணாடிக்கும் கட்டணுமா மச்சான்? அப்ப ரோட்ட நீங்க பாத்துச் சொல்லுவீங்களா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ரெண்டு பக்கத்துக்கும் கட்டுங்க. வண்டிக்கோ ஏலக்காய்க்கோ ஏதாச்சும் ஆச்சோ, அன்னைக்கே கலேவெலக்காரன வரச் சொல்லிருவேன்."

ஆகவே மண்ணைப் போன்ற கபில நிறத்தில் இரண்டு திரை தைத்து இரண்டு பக்கமும் கட்டினார் மஸீஹா. முக்காட்டை ஊசி குத்தி இறுக்கிக்கொண்டார். உயரம் போதாததால் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டியில் கியர் குறைக்கிறபோது கிளச்சை இரண்டு தரம் மிதிக்கவேண்டும். ஸ்டியரிங்கோடு சேர்த்துக் கியரையும் பார்க்க அவருக்குக் கை போதவில்லை. இடது பக்கம் உட்கார்ந்த ஜைனுதீன் உடையாத கையைக் குறுக்கே நீட்டிக் கியரைப் போடுவார்.

"மிதி. விடு. மிதி. ம்... போட்டாச்சு."

ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டுவதைப் பார்க்க ஆட்கள் கடையை விட்டு இறங்கி வந்து நின்றார்கள்.

சில பயணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏலக்காய் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூட்டை ஏற்றி இறக்குகிற ஐயாவு பின்னால் மூட்டைகளோடு இருந்தார். இடது பக்கம் பள்ளம். அந்தப் பக்கத்துத் திரை நனைந்து உப்பி, பாதையின் ஓரத்தை மூடிவிட்டது. வளைவில் முன்சக்கரம் ஒன்று நழுவி இறங்கியது.

"அம்மா! சக்கரம் அந்தரத்துல நிக்குது!" என்று ஐயாவு கத்தினார்.

மஸீஹா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் பின்னால எறங்குங்க."

"கியர யாரு போடுறது?" என்றார் ஜைனுதீன்.

"நீங்க போட்டத இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். எறங்குங்க."

ஜைனுதீன் மூட்டைகளின் மேல் ஊர்ந்து பின்பக்கமாக இறங்கினார். அந்த முதல் மாதிரியில் தரையோடு ஒரு வளையம் இருக்கும். அதை இழுத்துப் பூட்டாவிட்டால் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது முன்சக்கரங்கள் சும்மாதான் சுற்றும். "வளையம்! வளையம்!" என்று அவர் கத்துவதற்கு முன்பே மஸீஹா அதை இழுத்திருந்தார். ஆனாலும் பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கின.

மஸீஹா இரண்டு திரையையும் பிய்த்து வெளியே எறிந்தார்.

"ஐயாவு, இத டயருக்கு அடியில திணிங்க."

"நல்ல துணிங்களே அம்மா..."

"திணிங்க!"

துணியைக் கவ்விக்கொண்டு வண்டி முனகிப் பின்னால் ஏறியது. மிச்சத் தூரம் முழுவதும் மஸீஹாவே கியர் போட்டார். ஜைனுதீன் பழக்கத்தில் ஒருதரம் கையை நீட்டினார். மஸீஹா அதை மெல்லத் தட்டிவிட்டார்.

மாத்தளைக்குள் வரும்போது ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஸஹாப்தீன். திரையில்லாத வண்டி அவர் பக்கத்தில் போய் நின்றது.

"திரை எங்க?"

"மேல சேத்துல கெடக்கு மச்சான். சக்கரம் பள்ளத்துல எறங்கிருச்சு. அந்தத் திரை மறைச்சதாலதான் எறங்குச்சு. கலேவெலக்காரருக்குச் சொல்லுறதுன்னா சொல்லுங்க. ஏலக்காய மொதல்ல பாத்துட்டுச் சொல்லுங்க."

மஸீஹா இதை மறைத்திருக்கலாம். ஜைனுதீனும் ஐயாவுவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஸஹாப்தீன் பின்னால் போனார். ஒரு சாக்கைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார். ஈரமில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். சட்டையெல்லாம் சேறு, ஆனால் கை உடைந்த நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அடுத்த பயணம் எப்ப?"

"நாளைக்கு மச்சான்."

"டயரக் கழுவிட்டுப் போங்க. பாக்க அசிங்கமா இருக்கு."

கலேவெலக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்.

ஜைனுதீனின் மணிக்கட்டு பிறகு ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்குச் சரியாகவே இல்லை. எஞ்சினை அவர் பார்த்துக்கொண்டார், பாதையை மஸீஹா பார்த்துக்கொண்டார். அறுபதுகளில் இரண்டாவது மாதிரி வந்தது. பெரிய எஞ்சின், அகலம் கூடி விலா புடைத்த உடம்பு. "பழசு கொமரிப்புள்ள. இது ரெண்டு பெத்தவ. பாரம் தாங்கும்" என்றார் மஸீஹா. இழுக்கிற வளையத்துக்குப் பதிலாக அமுக்குகிற மஞ்சள் குமிழ். ஒரே நாளில் பழகிவிட்டார்.

எழுபதுகளில், வெளிநாட்டிலிருந்து சாமான் வருவதே அருமையாகிவிட்ட நேரத்தில், யாரோ பள்ளத்தில் கவிழ்த்துக் கைவிட்ட மூன்றாவது மாதிரி ஒன்றை வாங்கி, கராஜில் போட்டு நிமிர்த்தினார்கள். விளக்குகள் நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் நகர்ந்திருந்தன. நடுவில் இருந்த மீட்டர்கள் ஓட்டுகிறவருக்கு நேரே வந்திருந்தன.

"இப்பதான் செஞ்சவனுக்கு எனக்குக் காட்டணும்னு தோணியிருக்கு. இவ்வளவு காலமும் என்ன வேகத்துல போறேன்னு இவருல்ல எனக்குச் சொல்லிக்கிட்டு வந்தாரு!" என்றார் மஸீஹா.

அந்த வண்டியில் எந்தக் கியருக்கும் இரண்டு தரம் மிதிக்கத் தேவையில்லை. மஸீஹா பழையபடி மிதித்தார்.

அதில் ஒருநாள் ஸஹாப்தீனும் மேலே போனார். வயதாகிவிட்டது, தோட்ட முதலாளி ஒருவர் வீட்டு விருந்து. ஜைனுதீனைப் பின்னால் அனுப்பிவிட்டு இடது சீட்டில் ஏறிக்கொண்டார். முன்பு சக்கரம் நழுவிய அந்த வளைவைக் கண்டதும் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னும் ஒரு சாண் இருக்கு மஸீஹா. வா... வா... போதும், கொஞ்சம் வலத்த ஒடி."

பாதையை அகலமாக்கி வருஷக்கணக்காகிவிட்டது. மஸீஹா கொஞ்சம் வலதுபக்கம் ஒடித்தார்.