முதுகைக் காட்டி எறிந்த பந்து

அத்தைக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை நிச்சயமாகி, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி என்றிருந்த சமயத்தில், கோடம்பாக்கத்து மாமா சாந்தோமுக்கு வந்து அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஒரு ஸ்டுடியோவில் கேமரா உதவியாளர். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. காலேஜில் பாஸ்கெட் பால் டீமுக்குக் கேப்டனாக இருந்தவள். நிச்சயமான பிறகு, ஆடியது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தையும் நிறுத்திவிட்டாள்.

மாமா சொன்னது இதுதான். ஒரு படத்தில் கதாநாயகி மைதானத்தின் நடுவில் நின்று, வளையத்துக்கு முதுகைக் காட்டி, பந்தைத் தலைக்கு மேல் பின்னால் எறிய வேண்டும். அது நேராக வளையத்துக்குள் விழ வேண்டும். அந்த நடிகைக்குப் பந்தைப் பிடிக்கவே வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று மாமா டைரக்டரிடம் வாயை விட்டிருந்தார்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கணக்கு வாத்தியார் வேறு.

“சினிமாவுல வேணும்னா விழும். நிஜத்துல எவனாலயும் முடியாது” என்றார்.

“முடியும் அண்ணே. நான் போட்டிருக்கேன்” என்றாள் அத்தை.

“எப்போ?”

“யாரும் பார்க்காதப்போ.”

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே பாதி சம்மதம் வந்துவிட்டது. மீதியை அம்மா வாங்கிக் கொடுத்தாள். முகம் தெரியக் கூடாது, பேர் வரக் கூடாது, நாகர்கோவிலுக்குச் சேதி போகக் கூடாது. துணைக்கு நான் போக வேண்டும். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் அத்தையின் மானத்துக்குக் காவல்!

படப்பிடிப்புக்கு முந்தைய நாள்களில் காலைப் பூசைக்கு முன்பே அத்தை என்னைப் பள்ளி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதுகைக் காட்டி எறிவாள். பந்து பலகைக்கு மேலே போகும், பக்கவாட்டில் போகும், ஒருமுறை மதிலைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. எப்போதாவது ஒன்று உள்ளே விழும். விழுவதற்கும் விழாததற்கும் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டுடியோவின் திறந்த வெளியில் மைதானம் போட்டிருந்தார்கள். கேமராவை வளையத்துக்குப் பின்னால் தாழ்வாக வைத்திருந்தார்கள். அத்தைக்குக் கதாநாயகியின் சிவப்பு பனியனும் வெள்ளைப் பாவாடையும், அவளைப் போலவே ரெட்டைச் சடை. டைரக்டர் பக்கத்தில் வந்தார்.

“இந்தாம்மா, பந்து உள்ள விழுந்தாலும் நீ திரும்பக் கூடாது. திரும்புற மூஞ்சி அவங்களோடது. அதைத் தனியா எடுத்துக்குவோம்.”

“திரும்பாம எனக்கு எப்படி சார் தெரியும்?”

“நாங்க சொல்றோம். கட் சொல்ற வரைக்கும் அந்த முதுகு முழுசா வேணும். நீ சிலை மாதிரி நில்லு, போதும்.”

முதல் பந்து வளையத்தின் பக்கமே போகவில்லை. அடுத்தது, வெளிச்சத்துக்காகப் பிடித்திருந்த வெள்ளித்தாள் தட்டியில் மோதி, பிடித்திருந்தவரைக் கீழே தள்ளியது. ஒவ்வொரு தடவையும் ஃபிலிம் வீணாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அத்தை ஒருதரம்கூட என் பக்கம் பார்க்கவில்லை.

ஏணிமேல் உட்கார்ந்திருந்த லைட்காரர் பொறுமை இழந்தார். “இன்னாத்துக்கு சார் இம்மாங் கஷ்டம்? நான் மேலேர்ந்து போட்டுட்றேன், கரீட்டா உள்ள பூடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. “இன்னும் ஒண்ணே ஒண்ணு. வெளிச்சம் போயிடும். அப்புறம் ஏணிதான்” என்றார்.

அத்தை குனிந்து உள்ளங்கைகளை மண்ணில் தேய்த்தாள். வளையத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நின்றாள். நான் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தேன். அருள் நிறை மந்திரம் பாதியிலேயே மறந்துபோயிற்று.

பந்து மிக உயரமாகப் போனது. கேமராவுக்குப் பின்னாலிருந்த எல்லோருடைய தலைகளும் அதோடு சேர்ந்து நிமிர்ந்தன. வளையத்தின் விளிம்பில் விழுந்து எகிறியது. மறுபடி விழுந்து, விளிம்பிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, உள்ளே இறங்கியது.

முதலில் கை தட்டியது, குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நடிகைதான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். லைட்காரர் ஏணியிலேயே எழுந்து நின்று விசிலடித்தார்.

அத்தை திரும்பினாள்.

“ஐயோ, ஏம்மா திரும்பின!” என்று டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி எடுக்க வெளிச்சம் இல்லை. வளையத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து, விளக்கைப் போட்டு, லைட்காரர் மேலிருந்து பந்தை விட்டார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

பஸ்ஸில் மாமா பொருமிக்கொண்டே வந்தார். “அத்தனை தடவை சொன்னாரே, கடைசியில மறந்துட்டியே!”

“மறந்துட்டேன் அத்தான்” என்றாள் அத்தை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவள் உள்ளங்கையில் இன்னும் செம்மண் இருந்தது.

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். “மூஞ்சி வரலையே?” என்று மாமாவைக் கேட்டார்.

“வந்ததை வெட்டிடுவாங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க.”

“பந்து நிஜமாவே விழுந்துச்சுப்பா!” என்று நான் கத்தினேன்.

“சரி சரி, கை கால் கழுவிட்டுச் சாப்பிடு” என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வந்துவிட்டது.

படம் வந்தபோது அத்தை நாகர்கோவிலில் இருந்தாள். மயிலாப்பூர் தியேட்டரில் நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். ரெட்டைச் சடை போட்ட ஒரு முதுகு தூரத்தில் தெரிந்தது. கை உயர்ந்தது. அதற்குள் வளையம் பெரிதாக வந்து, பந்து எதிலும் படாமல் இறங்கியது. கதாநாயகி திரும்பிச் சிரித்தாள். தரை டிக்கெட்டில் ஒரே விசில்.

“பாத்தியா? எல்லாம் கேமரா வித்தை. நிஜத்துல நடக்காது” என்று அப்பா என் காதில் சொன்னார்.

நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அத்தை மட்டும் மறக்காமல் இருந்திருந்தால் என்று அன்று எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது. அவசரப்பட்டு, சந்தோஷத்தில் திரும்பிவிட்டாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஆனால் நான் பார்த்தது அப்படி இல்லை. கைதட்டல் முழுவதையும் அவள் முதுகாலேயே கேட்டாள். அது அடங்கத் தொடங்கியபோதுதான் திரும்பினாள். குதிக்கவில்லை, சிரிக்கவில்லை. பந்து எங்கே என்றுகூடத் தேடவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்து, யாரோ அதை நிறுத்தும் வரைக்கும், முகத்தை அசைக்காமல் நின்றாள்.