படைவீரர்களுக்குத் துணி துவைத்தவள்

ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாவில் எனக்கு அச்சகக்காரி வேடம் கிடைத்தது. கோச்சடையில் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த வரலாற்று டீச்சர், அமெரிக்கா ஒரு நாடாக உருவான காலத்தில் வாழ்ந்த, பாடப்புத்தகத்தில் பெயர் வராத பெண்களைத்தான் மேடையேற்றுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். கணவன் இறந்தபின் பத்திரிகை அச்சடித்துக் குடும்பம் நடத்தியவள் நான். எட்டு வரி ஆங்கிலம். என் சித்தி மகளுக்கோ படைவீரர்களுக்குத் துணி துவைத்தவள் வேடம். ஒரு வரி வசனமும் கிடையாது. அதில் எனக்கு உள்ளூர நிம்மதி.

சித்தப்பா எங்கோ போய்விட்ட பிறகு சித்தியும் அவளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். என் கட்டில், என் மேசை, என் சைக்கிள் எல்லாவற்றிலும் அவளுக்குப் பாதி.

விழாவில் எட்டு வரிகளையும் பிசகாமல் சொன்னேன். ஒப்புக்குக் கைதட்டினார்கள். அடுத்து அவள் வந்தாள். வாளியை இறக்கிவைத்து, ஒவ்வொரு சட்டைப்பையாகத் துழாவினாள். ஒரு காலரை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். நடுவில் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு வாயடைத்துப் பார்த்தார்கள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. முதல் பரிசும் அவளுக்கே. என் அப்பாகூட அவளுக்கு விசில் அடித்தார். எனக்கு ஒருநாளும் அடித்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. சமயநல்லூரிலிருந்து மாமா வந்திருந்தார். கறிச்சோறு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "ஆத்தா, அந்த நடிப்ப இன்னொருக்கா செஞ்சு காட்டு" என்றார். அவள் வெட்கத்தோடு செய்து காட்டினாள்.

"அம்புட்டும் நெசமாவே இருக்கே! யாரு சொல்லிக்குடுத்தா?"

அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"அவ ஒண்ணும் நடிக்கல மாமா. தெனமும் சித்தி நம்ம வீட்டுத் துணி பூராத்தையும் தொவைக்கிறாகள்ல, அத அப்பிடியே செய்யுறா. இதுக்குப் போயி பரிசாக்கும்!"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா எச்சில் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். சித்தி மட்டும் சிரித்தபடி, "உள்ளதத்தானண்ணே சொல்லுது பிள்ள" என்றாள். அவள் மகள் தலைகுனிந்து நின்றாள். ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை துவைகல்லில் அம்மா நின்றிருந்தாள். "குடுக்கா, நான் தொவைக்கிறேன்" என்று சித்தி வாளியைப் பிடித்து இழுத்தாள். அம்மா விடவும் இல்லை, நிமிரவும் இல்லை. சித்திக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நான் பள்ளிக்குக் கிளம்பினேன்.