டிரெய்லரின் நடுவே அரை அங்குலம்

அண்ணனும் நானும் பாகம் பிரித்தபோது டிராக்டரை விற்றுப் பங்கு போட்டுக்கொண்டோம். டிரெய்லரை வாங்க ஆள் வரவில்லை. அதனால் அது மட்டும் பொதுவில் நின்றுவிட்டது, இரண்டு வீட்டுக்கும் நடுவே புளியமரத்தடியில். தேவைப்படுகிறவர் வாடகை டிராக்டரில் மாட்டி ஓட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. அதன்பிறகு ஒரு வரப்புத் தகராறில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. அந்த வரப்பை இப்போது பார்த்தாலும் எரிச்சலாக வரும். ஒரு ஆள் ஒழுங்காக நடக்கக்கூட அதில் இடம் கிடையாது.

எதுவானாலும் அண்ணி என் மனைவியிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும்.

டிரெய்லரின் அடிப்பலகைகள் மக்கிப்போனதற்கு அண்ணன்தான் காரணம் என்பேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிவிட்டு வந்தால் உதிர்ந்து கிடக்கும் கரும்புச் சோகையைக் கூட்டித் தள்ளமாட்டார். சாறும் மழைத்தண்ணீரும் சேர்ந்து ஊறினால் எந்த மரம் தாங்கும்? நான் ஈரநெல்லை ஏற்றியதுதான் காரணம் என்று அவர் சொன்னதாகக் கேள்வி. யாரால் ஆனாலும், நெல்லோடு மயிலம் தாண்டிப் போகும்போது பலகை ஒன்று உடைந்து, ஓட்டையில் கோணிப்பையைத் திணித்துப் பிடித்தபடி திண்டிவனம் வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனவன் நான்.

பலகை மாற்றுவது பற்றி அண்ணி மூலம் சேதி வந்தது. ஆளுக்குப் பாதி. மூத்தவர் என்பதால் முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு. டிரெய்லரில்கூடவா மூத்தவர் இளையவர் என்று என் மனைவியிடம் கத்தினேன். அவள் அதை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. அவர் வளவனூரிலிருந்து ஆசாரியைக் கூட்டிவந்தார், நான் திருவாமாத்தூரிலிருந்து. பலகை என்ன கனம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப்போனதாக ஆகிவிடுமே. அவரும் சொல்லவில்லை.

அவர் போட்டது ஒரு அங்குல வாகை. நான் போட்டது ஒன்றரை அங்குல வேம்பு. டிரெய்லரின் நட்ட நடுவில் அரை அங்குலத்துக்கு ஒரு படி நின்றது.

அடுத்த அறுப்பில் நெல்லைத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோனேன். நெல்லைப் பின்பக்கமாக இழுத்துத் தள்ளவேண்டும். இழுக்கும்போதெல்லாம் மண்வெட்டி என் பலகையில் இடித்து நின்றது. இறக்குகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னாங்க இது, நடுவுல வாசப்படி கட்டி வச்சிக்கிறீங்க? பெரிய பேஜாரா கீதே. ஒரே ஆசாரிதான போட்டாரு?"

"ரெண்டு பேரு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். எனக்கு மானம் போயிற்று.

இந்தக் கதை எப்படியோ எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. இரண்டு நாளில் அண்ணி சேதி சொல்லியனுப்பினார்: "இது சரிப்பட்டு வராது, வித்துப்புடலாம்னு சொல்றாரு."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் போய்விட்டால் எனக்கும் அவருக்கும் பொதுவாக மிஞ்சுவது இனிஷியல் மட்டும்தான். இதை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னால் அண்ணிக்குப் போகும், அண்ணியிடமிருந்து அவருக்குப் போகும். அப்படிப் போய்ச்சேருவது என் வார்த்தையாக இருக்காது.

படியை எடுத்துவிட்டால் விற்கும் பேச்சும் நிற்கும் என்று தோன்றியது. என் பலகைகளைக் கழற்றி விழுப்புரத்தில் ஒரு மரவாடிக்குக் கொண்டுபோனேன், ஒரு அங்குலமாக இழைத்துவர. கிளம்பும்போது மனைவியிடம் கறாராகச் சொன்னேன்: "கேட்டா, போல்ட் மாத்த எடுத்துக்கினு போயிருக்காருன்னு சொல்லு." அண்ணனுக்காக இழைக்கிறேன் என்று அவருக்குத் தெரிவதில் எனக்கு விருப்பமில்லை.

மரவாடியில் கரண்டு இல்லை. மறுநாள் வரச்சொன்னார்கள். மறுநாள் மெஷின் பிளேடு மழுங்கிவிட்டது. ஒருவழியாக இழைத்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது அண்ணன் டிரெய்லரின் முன்பாதியில் குந்தியிருந்தார். கையில் ஸ்பேனர். கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் அவரைப் பார்க்காததுபோல ஒரு பலகையை எடுத்துப் பின்பக்கம் வைத்தேன். அது அவருடைய பலகையைவிட அரை அங்குலம் தாழ்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். அவர் தன் பலகைகளுக்கு அடியில் வரிசையாக அரை அங்குல ரீப்பர் கட்டைகளைக் கொடுத்துத் தூக்கியிருந்தார். என் பலகையின் பழைய கனத்துக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பலகையைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். இரண்டு நாள் அலைச்சல், இரண்டு வீட்டு வேலை, படி மட்டும் அப்படியே இருந்தது. பக்கம்தான் மாறியிருந்தது.

அண்ணன் பலகையைப் பார்த்தார். பிறகு என்னை.

"இழைச்சுக்கினு வந்தியா?"

"ஆமா."

"போல்ட் மாத்தப் போயிருக்கன்னு சொன்னாங்க."

"நான்தான் அப்பிடி சொல்லச் சொன்னேன்."

"ஏன்டா, ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"நீ சொன்னியாண்ணா?"

அவர் விரலால் அந்தப் படியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடுக்கிய போல்ட்டையே திரும்பக் கழற்ற ஆரம்பித்தார்.

"அடியில போயி நட்டப் புடி. ரீப்பர உருவிடலாம்."

நான் நகரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"விக்கப் போறன்னு சொல்லியனுப்புனியே."

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "விக்கறவன் ரீப்பர் வாங்கியாந்து அடிப்பானாடா?"

என் முகம் அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்து நட்டைப் பிடித்துக்கொண்டேன்.